நிர்மாலியம் எடுக்க ஆளில்லாத கற்கள்: படையல் வைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை செல்லும் சாலையில் உள்ள திருமயத்தில், ஒரே குன்றில் இருவகைக் கற்களைக் காணலாம். தென்சரிவில் உள்ள குடைவரைக் கோயில்களில் சத்தியகிரீசுவரரும் சத்தியமூர்த்திப் பெருமாளும் நாள்தோறும் பூசை பெறுகின்றனர். மேலே சேதுபதி மன்னர் 1687-இல் கட்டிய கோட்டையின் மதில்களுக்குப் பூசகர் எவருமில்லை. கீழே சாத்திய மாலை மறுநாள் காலை நிர்மாலியமாகக் கழிக்கப்படும். மேலே மதில் இடுக்கில் யாரோ செருகிச் சென்ற மாலையோ, பூ உதிர்ந்து நூல் மட்டும் எஞ்சிய பிறகும் அங்கேயே தொங்கும். இந்த வேறுபாட்டை மறந்துவிடுவதுதான் பெரும்பாலான தவறுகளுக்குத் தொடக்கம்.

கல்லுக்குப் படைப்பது நம் மரபுக்குப் புதிதன்று. நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிக் கள் படைத்ததைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. செட்டிநாட்டில் முன்னோருக்குப் படைப்பு இடாத குடும்பத்தைக் காண்பது அரிது. ஆனால், படைப்பு வீட்டில் படைத்ததை எடுத்துப் பகிரவும் இடத்தைத் துடைத்து வைக்கவும் பங்காளிகள் இருக்கிறார்கள். பொட்டலில் நிற்கும் கல்வட்டத்துக்கு, அதாவது பழங்காலப் புதைகுழியைச் சுற்றி நட்ட கற்களுக்கு, அப்படி யாருமில்லை.

மிகுந்த சேதம் விளைவிப்பது விளக்கும் கற்பூரமும். கருங்கல் எதையும் தாங்கும் என்று நாம் நம்புகிறோம். ஆனால், பாறையின் மேல் நெருப்பு மூட்டிச் சூடேற்றி, அதைப் பலகை பலகையாகப் பெயர்த்தெடுப்பது கல்லுடைப்போரின் பழைய முறை. கல்லில் உள்ள பல்வேறு கனிமங்கள் சூட்டில் ஒரே அளவாக விரிவதில்லை என்பதால் மேற்பரப்பு பிளவுபடுகிறது. ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் கற்பூரம் கொளுத்துவது அதே வேலையைச் சிறிய அளவில் செய்வதாகும். எண்ணெயின் கேடு வேறு வகையானது. அது கல்லின் நுண்துளைகளில் இறங்கி, தூசியையும் கரியையும் பிடித்துக்கொண்டு, விரல் வைத்தால் ஒட்டும் பிசுக்காக இறுகுகிறது. நாளும் எண்ணெய்க் காப்புப் பெறும் கோயில் மூர்த்தங்களுக்கு முறையான திருமஞ்சனமும் உண்டு என்பதை எண்ணெய்க் கிண்ணத்தோடு வருவோர் கருதிப் பார்ப்பதில்லை.

மஞ்சளும் குங்குமமும் திருநீறும் கல்வெட்டுக்குப் பகை. பல எழுத்துகள் ஆழமாக வெட்டப்பட்டவையல்ல. பக்கவாட்டில் விழும் வெயிலில், வெட்டின் நிழலைக் கொண்டே அவற்றைப் படிக்க முடிகிறது. அந்தப் பள்ளம் திருநீற்றால் நிரம்பினால் நிழலும் இல்லை, எழுத்தும் இல்லை. ஆர்வலர்களும் இதற்கு விலக்கல்லர்: நிழற்படத்தில் எழுத்துத் தெளிவாக விழ வேண்டுமென்று கோலமாவையும் சாக்பீஸையும் தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கல்வெட்டைப் படியெடுக்க, ஈரத்தாளை ஒற்றி அதன்மேல் மை தட்டி எடுக்கும் மைப்படி என்ற முறை இருக்கிறது. அது பயிற்சி பெற்றவர்கள் செய்யும் பணி. மற்றவர்களுக்குச் சாய்வாகப் பிடித்த டார்ச் வெளிச்சமே போதுமானது.

ஓவியம் உள்ள இடங்களில் இன்னும் கவனம் வேண்டும். சித்தன்னவாசல் சமணக் குடைவரையின் விதானத்தில் உள்ள தாமரைக்குளம், சுண்ணச் சாந்தின் மேல் தீட்டியது. கருங்கல்லில் படிந்த கரியையாவது எப்படியேனும் அகற்ற முயலலாம். சாந்தில் படிந்த கரியைத் துடைத்தால் வண்ணமும் உடன் வந்துவிடும். அங்கே ஊதுவத்திகூட வேண்டாம்.

ஊரார் வழிபடும் நடுகற்களில் தவறு வேறு உருவம் கொள்கிறது. பக்தி மிகுதியால் கல்லைச் சுற்றிச் சிமெண்டு மேடை எழுப்பி, டைல்ஸ் ஒட்டி, வீரனின் முகத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். அடியில் எழுத்து இருந்திருந்தால், அது அன்றோடு மேடைக்குள் புதைந்துவிடும். பருத்தி வேட்டி சாத்தி, விழா முடிந்ததும் எடுத்துவிடுவதில் தவறில்லை. நைலான் கயிறும் பிளாஸ்டிக் மாலையும் மக்குவதில்லை. தேங்காய், பழம், பொங்கல் ஆகியவை குரங்கையும் எறும்பையும் அழைக்கும். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

முதுமக்கள் தாழி கிடைக்கும் காடுகளில் கல்வட்டத்தின் கற்களைப் பெயர்த்து அடுக்கி, வேண்டுதல் வைக்கும் பழக்கமும் பரவுகிறது. அந்தக் கற்கள் கிடக்கும் இடமே அவற்றின் செய்தி. ஒன்றை நகர்த்தினாலும் ஆய்வாளருக்கு அது இழப்புதான்.

பிறர் செய்த அழுக்கைப் போக்கப் புறப்படுபவர்களுக்கும் ஒரு சொல். கம்பித் தூரிகை, ஆசிட், மணல் வீச்சு ஆகிய மூன்றும் குங்குமத்தைவிடக் கொடியவை. பிசுக்கோடு உளியின் தடத்தையும் கொண்டுபோய்விடும். காய்ந்த பூவையும் நூலையும் கையால் பொறுக்கி எடுப்பதோடு நிறுத்திக்கொண்டு, மற்றதைத் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பதே முறை. 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினாலோ உருக்குலைத்தாலோ 2 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நல்லெண்ணத்தில் செய்தேன் என்பது கல்லைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கல்வட்டத்தின் நடுவே இருந்த கல்லில் அகல் வைத்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருவரிடம் தயங்கித் தயங்கி இதைச் சொன்னேன். "எங்க அப்பத்தா காலத்துலேருந்து வைக்கிறதுப்பா" என்றார். கல்லில் இருந்த கரிவட்டத்தைக் காட்டினேன். சிறிது நேரம் அதையே பார்த்தவர், அகலை எடுத்துச் சற்றுத் தள்ளிப் பனைமரத்தடியில் மணலைக் குவித்து அதன்மேல் வைத்தார். வட்டத்தை நோக்கிக் கும்பிட்டார். எரிந்து முடியும்வரை உட்கார்ந்திருந்து, ஆறிய அகலை மஞ்சப்பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார்.