ஏபிஎஸ் கவசத்தில் விழுந்த விரிசலைச் சரிசெய்த முறை

வேடத்துக்காக ஏபிஎஸ் என்னும் பிளாஸ்டிக் தகட்டில் செய்த விண்வெளி வீரர் கவசத்தில் விரிசல் பெரும்பாலும் வெட்டிய விளிம்பின் கூர்மூலையில்தான் தொடங்கும். குனியும்போது இழுவிசை முழுதும் அங்கே குவிகிறது. மேலே பசை தடவினால் போதாது, மறுபடி நீளும்.

முதலில் விரிசலின் நுனியில் 2 மி.மீ. துளையிட்டேன். விரிசலை நிறுத்துவது அதுதான், தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

மிஞ்சிய ஏபிஎஸ் துண்டுகளை அசிட்டோனில் இரவு முழுதும் ஊறவிட்டால் தயிர்ப் பதத்தில் கூழாகும் (காற்றோட்டம் தேவை, அருகில் நெருப்பு கூடாது). அதே தகட்டின் துண்டுகள் என்றால் நிறமும் பொருந்தும். உட்புறத்தைத் தேய்த்து, 25 மி.மீ. அகல ஏபிஎஸ் பட்டையைக் கூழால் ஒட்டினேன். வெளியே மெல்லிய அடுக்குகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி. தடித்துப் பூசினால் அசிட்டோன் உள்ளே சிக்கித் தகடு நெளியும்.

பிறகு 220, 400, 800 எண் உப்புத்தாள்களால் தேய்த்தேன். கூர்மூலையை வளைவாக அராவி, பக்கவாட்டு வாருக்கு எலாஸ்டிக் போட்டேன்.