செந்தூளாய் உதிர்ந்த தோல் கட்டு

வனத்து அந்தோணியார், வனத்துச் சின்னப்பர் முதலான எகிப்தியப் பாலைவனத் துறவிகளின் வரலாற்றைச் சொல்லும் பிரெஞ்சு நூல் ஒன்று என்னிடம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டுக் கன்றுத்தோல் கட்டு. தொட்டாலே விரல்களில் செம்பழுப்புத் தூள் ஒட்டியது. முன்னட்டை நூலிழையில் தொங்கியது.

மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல், நிலக்கரிப் புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடை உறிஞ்சிக்கொள்ளும். அது உள்ளே கந்தக அமிலமாகி இழைகளை அரித்துவிடும். எண்ணெய் தடவச் சொல்பவர்கள் பலர். தயவுசெய்து தடவாதீர்கள்! அமிலம் நிற்காது, எண்ணெய் தாள்களிலும் ஊறும்.

உதிரும் தோலிழைகளைப் பிணைக்கும் செல்லுலோஸ் வகைப் பொருளான ஹைட்ராக்சிபுரோபைல் செல்லுலோஸ் தூளை நூற்றுக்கு இரண்டு பங்கு வீதம் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கரைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டேன். அடுப்பு எரியாத, காற்றோட்டமான அறையில், ஓரத்தில் சோதித்தபின் மென்தூரிகையால் பூசினேன். தோல் ஒரு கணம் கறுத்து, ஆல்கஹால் பறந்ததும் பழைய நிறத்துக்கே வந்தது. தூள் உதிர்வது நின்றது. இழந்த வலு மட்டும் திரும்பாது.

அட்டையை ஒட்டியது அதன்பிறகுதான். உதிரும் தோலில் ஈரம் பட்டால் கருகி இறுகிவிடும் என்பதால் இந்த வரிசை மாறவே கூடாது. காகித மல்பெரி நாரால் செய்த ஜப்பானியக் கோசோ தாளைக் கத்தரிக்காமல் ஈரக்கோடிட்டுக் கிழித்தேன்; பிசிறும் இழைகள்தான் பிடிப்பைத் தருகின்றன. கெட்டியான கோதுமை மாவுச்சத்துப் பசையால், அட்டையும் நூலின் முதுகும் சேரும் மூட்டில் ஒட்டி, பாரம் வைத்து உலர்த்தினேன்.

அரிய பதிப்பென்றால் நூல் பாதுகாப்பு வல்லுநரிடமே ஒப்படையுங்கள்.