புது ஸ்கூல்ல மொத நாளா? டிபன் டைமுக்கே போயிடுங்க

தொடக்கப்பள்ளில புதுசா சேர்ற டீச்சருங்களுக்கு ஒண்ணு சொல்றேன், மொத நாள் பெல் அடிக்கிற நேரத்துக்குப் போகாதீங்க, காலை டிபன் போடுறப்பவே போயிடுங்க. 2023 ஆகஸ்ட்ல இருந்து அரசு தொடக்கப்பள்ளிங்க எல்லாத்துலயும் ஒண்ணுலேர்ந்து அஞ்சாவது வரைக்கும் காலை உணவு இருக்குல்ல, அங்கதான் புள்ளைங்க பயமில்லாம பேசும்.

நான் காசிமேடு பக்கம் சேர்ந்தப்ப, உப்புமால இருந்த கருவேப்பிலையை ஒண்ணொண்ணா பொறுக்கி தட்டு ஓரத்துல அடுக்கிட்டு இருந்த ஒரு ரெண்டாங்கிளாஸ் பொண்ணு, "மிஸ், நீங்க எங்க கிளாஸா?"ன்னு கேட்டுச்சு. பக்கத்துல உக்காந்தேன், பத்தே நிமிஷத்துல யாரோட அம்மா விடியகாலைலயே மீன் ஏலத்துக்குப் போறாங்க, யாரு பாட்டி வீட்ல இருக்காங்கன்னு எல்லாம் தெரிஞ்சிபோச்சு. வடசென்னைல வீட்ல தெலுங்கு, உருது பேசுற புள்ளைங்களும் உண்டு, அதையும் அப்பவே கேட்டுக்கலாம்.

ஒரு சின்ன நோட்ல பேரு, வீட்ல கூப்புடுற பேரு, சாயந்திரம் கூட்டிட்டுப் போறது யாருன்னு எழுதிக்கோங்க. கடைசி விஷயம் ரொம்ப முக்கியம், மொத நாள் சாயந்திரம் கேட்ல யாரு வந்து நின்னாலும் நமக்குப் புது முகம்தான், அதனால ஆயாம்மாவை கூடவே நிக்க வெச்சிக்கோங்க, அவங்களுக்கு எல்லா வீடும் தெரியும்.