வேட்பாளரின் சொத்துக் கணக்கை வாசிப்பது எப்படி

2024ஆம் ஆண்டு மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 543 பேரில் 504 பேர், தங்களுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் சொத்து இருப்பதாகத் தாங்களே கையெழுத்திட்டுக் கொடுத்தவர்கள். 2009இல் அப்படிப்பட்டவர்கள் 315 பேர். 2024-25ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி 319 ரூபாய். அந்தக் கூலியில் ஒரு காசும் செலவழிக்காமல் ஒரு கோடி சேர்க்க 31,348 நாள் உழைக்க வேண்டும். ஆண்டுக்கு நூறு நாள் வேலை முழுதாகக் கிடைத்தாலும் 313 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இறந்தவர் விட்டுச்சென்ற பெருஞ்சொத்தின் மீதான வரி 1985இலும், செல்வ வரி 2015இலும் இந்நாட்டில் நீக்கப்பட்டன. அவற்றை நீக்கிய அவையில் யார் உட்காருகிறார்கள், அவர்களுடைய செல்வம் எப்படி வளர்கிறது என்பதை வாக்களிப்பவர் தாமே வாசித்தறிய ஒரே ஒரு ஆவணம்தான் இருக்கிறது. வேட்புமனுவுடன் இணைக்கப்படும் படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம்தான் அது. அதை வாசிக்கும் முறையை, எங்கள் ஊர் நூலகத்தில் சில தேர்தல்களாகப் பலரோடு சேர்ந்து வாசித்த பழக்கத்திலிருந்து இங்கே எழுதுகிறேன்.

இந்த உரிமை தானாக வந்ததன்று. வேட்பாளரின் சொத்து, கடன், கல்வி, குற்ற வழக்குகள் ஆகியவற்றை அறிவது வாக்காளரின் கருத்துரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2002 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. அதைச் செயலற்றதாக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அந்தத் திருத்தத்தை 2003 மார்ச்சில் நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடக்கூடாது என்று 2013இலும், வருமானம் வந்த வழியையும் அரசு ஒப்பந்தங்களையும் சொல்ல வேண்டும் என்று 2018இலும் தீர்ப்புகள் வந்தன. ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கும் வெளிநாட்டுச் சொத்தும் 2019இல் படிவத்தில் சேர்க்கப்பட்டன.

பத்திரத்தைப் பெறுவது எளிது. வேட்புமனுத் தாக்கல் தொடங்கியதும் தேர்தல் நடத்தும் அலுவலரின் அலுவலக அறிவிப்புப் பலகையில் அதை ஒட்டுவார்கள். இந்தியத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் வேட்பாளர் பிரமாணப் பத்திரங்களுக்கென்றே உள்ள பகுதியிலும் தொகுதியைத் தேர்வு செய்து பதிவிறக்கலாம். முந்தைய தேர்தலின் பத்திரம் அங்கே கிடைக்காவிட்டால், ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் நடத்தும் மைநேட்டா தளத்தில் பழைய தேர்தல்களின் பத்திரங்களும் தொகுக்கப்பட்டுள்ளன. ஏற்கெனவே போட்டியிட்டவர் என்றால் இரண்டு பத்திரங்களையும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பத்திரத்தை மட்டும் பார்ப்பவருக்குத் தொகையின் பெருமைதான் தெரியும். இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வளர்ச்சியும் அதன் வேகமும் தெரியும்.

கடைசிப் பக்கங்களில் உள்ள சுருக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். நாளிதழ்கள் பெரும்பாலும் அந்த மொத்தத் தொகையைத்தான் அச்சிடுகின்றன. உங்களுக்கு வேண்டியது அதற்கு முந்தைய விரிவான அட்டவணை. அதில் வேட்பாளர், அவருடைய கணவர் அல்லது மனைவி, இந்துக் கூட்டுக் குடும்பம், சார்ந்திருப்போர் என்று தனித்தனிப் பத்திகள் இருக்கும். சார்ந்திருப்போர் என்ற சொல்லின் பொருளை இங்கே கவனிக்க வேண்டும். தமக்கெனத் தனி வருமானம் இல்லாமல் வேட்பாளரை நம்பி வாழ்பவர்களை மட்டுமே அது குறிக்கிறது. தொழில் செய்யும் மகன், மணமாகித் தனி வருமானத்துடன் வாழும் மகள், மருமகன், தம்பி ஆகியோரின் சொத்து இந்தப் பத்திரத்துக்குள் வராது. ஆகவே ஐந்து ஆண்டுகளுக்கு முன் சார்ந்திருப்போர் பத்தியில் இருந்த ஒரு பெயர் இப்போது காணாமற்போயிருந்தால், அந்தப் பெயரில் அப்போது இருந்த சொத்து எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். படித்து முடித்து வேலைக்குப் போயிருக்கலாம், அது இயல்பானதே. ஆனால் இன்றைய மொத்தத் தொகை குறைவாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அசையும் சொத்தில் முதல் வரி கையிருப்பு ரொக்கம். எங்கள் வாசிப்பில் அந்த வரியைக் கேட்டதும், களையெடுக்கும் வேலையை முடித்துவிட்டு வந்து அமர்ந்திருந்த ஓர் அம்மா, "எட்டு லட்சத்தை வீட்டுல எங்க வெச்சிருப்பாங்க தம்பி?" என்று கேட்டார். அவருடைய வீட்டில் பணம் அரிசிப் பானைக்குள் இருக்கிறது. அவர் உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டார். அப்படிக் கேட்கத் தெரிந்தவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிப்பது நல்லது. நகையைப் பொறுத்தவரை மதிப்பைப் பார்க்காமல் எடையைப் பாருங்கள். 60 பவுன் என்பது இரண்டு பத்திரங்களிலும் 60 பவுனாகவே இருந்தால், விலைதான் ஏறியிருக்கிறது, நகை கூடவில்லை. பங்குகளில் இன்னொரு நுட்பம் உண்டு. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனப் பங்குகளுக்குச் சந்தை மதிப்பையும், பட்டியலிடப்படாதவற்றுக்குக் கணக்குப் புத்தக மதிப்பையும் எழுதினால் போதும் என்கிறது படிவம். ஒரு லட்சம் ரூபாய் பங்கு என்று காட்டப்படும் குடும்ப நிறுவனத்தின் பெயரில் கல்லூரி, குவாரி, திருமண மண்டபம் எல்லாமே இருக்கலாம். அவற்றை நிறுவனத்தின் சொத்தாகக் கருதுவதால் அவை இந்தப் பட்டியலில் இடம்பெறா. ஆகவே நிறுவனத்தின் பெயரைத் தனித் தாளில் எழுதிவைத்து, அரசு ஒப்பந்தங்கள் பற்றிய பகுதியில் அந்தப் பெயர் வருகிறதா என்று பாருங்கள். வேட்பாளருக்குப் பங்குள்ள நிறுவனங்களின் ஒப்பந்தங்களை அங்கே தெரிவித்தாக வேண்டும்.

அசையா சொத்துப் பகுதிக்குத்தான் மிகுதியான நேரம் செலவிட வேண்டும். ஒவ்வொரு நிலத்துக்கும் ஊர், சர்வே எண், பரப்பு, பரம்பரைச் சொத்தா இல்லையா, தாமே வாங்கியது என்றால் வாங்கிய தேதி, அன்றைய விலை, இன்றைய மதிப்பு ஆகியவை தரப்பட வேண்டும். பெரும்பாலோர் இன்றைய மதிப்பைப் பார்த்து வியந்து அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது வாங்கிய தேதியை. ஒருமுறை எங்களோடு இருந்த ஓய்வுபெற்ற கிராம உதவியாளர் ஒருவர், ஒரு சர்வே எண்ணைக் கேட்டவுடன், அது புறவழிச்சாலைக்கு எடுக்கப்பட்ட நிலத்தை ஒட்டிய புலம் என்றார். கிரயத் தேதியையும் நிலம் எடுப்பதற்கான அரசிதழ் அறிவிக்கையின் தேதியையும் ஒப்பிட்டபோது கிரயம் ஏழு மாதம் முந்தியிருந்தது. அதே பகுதியில் நான்கு தலைமுறையாக மானாவாரிப் பயிர் செய்தவர்கள், சாலை வரப்போவது தெரியாமல் அந்த ஏழு மாதங்களுக்குள் கிடைத்த விலைக்கு விற்றிருக்கிறார்கள். சட்டப்படி இதில் குற்றம் இருந்தது என்று என்னால் நிறுவ முடியாது. ஆனால் மற்றவர்களுக்கு முன்பே ஒரு செய்தி எட்டும் இடத்தில் இருப்பதுதான் மேல்தட்டின் மிகப் பெரிய சலுகை என்று நான் நினைக்கிறேன். படிவத்தில் அதற்கென்று தனிக் கட்டம் இல்லை என்றாலும், தேதிகளில் அதன் தடம் தெரியக்கூடும். தமிழ்நாட்டில் உள்ள நிலம் என்றால் பதிவுத்துறை இணையதளத்தில் வழிகாட்டி மதிப்பையும் வில்லங்க விவரத்தையும், வருவாய்த்துறையின் இணையச் சேவையில் பட்டா, சிட்டாவையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

இனி ஒப்பிடும் கணக்கு. விளங்குவதற்காக நானே அமைத்த ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறேன். ஒரு குடும்பத்தின் 2019 பத்திரத்தில் அசையும் சொத்து 42 லட்சம், அசையாச் சொத்து 210 லட்சம், கடன் 60 லட்சம் என்றால் நிகர மதிப்பு 192 லட்சம். 2024இல் அவை முறையே 135, 460, 20 லட்சம் என்றால் நிகரம் 575 லட்சம். வளர்ச்சி 383 லட்சம். இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு ஊரில் பேசுவது நியாயமாகாது, ஏனென்றால் பழைய நிலமும் பழைய நகையும் விலை ஏறியதால் வந்த தொகையும் இதில் அடங்கியிருக்கிறது. வரிக்கு வரி ஒப்பிட்டு, நிலத்தில் 150 லட்சமும் நகையில் 15 லட்சமும் வெறும் விலையேற்றம் என்று கண்டால் அவற்றைக் கழித்துவிடுங்கள். மீதி 218 லட்சம்: புதிதாக வாங்கிய நிலத்துக்கு 100, அசையும் சொத்தில் கூடியது 78, அடைத்த கடன் 40. இப்போது முதல் பக்கங்களில் உள்ள ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கைக் கூட்டுங்கள். கணவன், மனைவி இருவருக்கும் சேர்த்து 60 லட்சம் என்று வந்தால், வீட்டுச் செலவு எதையும் கழிக்காமலேயே 158 லட்சத்துக்கு விளக்கம் தேவைப்படுகிறது.

விளக்கம் இருக்கக்கூடும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வேளாண் வருமானத்துக்கு மத்திய வருமான வரி இல்லாததால், அது வரிக் கணக்கின் மொத்தத்தில் தெரியாமல் போகலாம்; அப்படியானால் அத்தனை வருமானம் தரும் பரப்பு அட்டவணையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சொத்து விற்றிருக்கலாம், அப்படியானால் பழைய பட்டியலில் இருந்த ஒரு சொத்து புதியதில் இல்லாமல் இருக்க வேண்டும். பெற்றோரிடமிருந்து வந்திருக்கலாம், பரம்பரைச் சொத்தா என்ற கட்டம் அதைச் சொல்லும். கணவன் மனைவிக்குக் கொடுத்த கடன் ஒருவருக்குச் சொத்தாகவும் மற்றவருக்குப் பொறுப்பாகவும் எழுதப்படும் என்பதால், அதை இரண்டு பக்கத்திலும் நீக்கிவிட்டுக் கணக்கிட வேண்டும். இத்தனையும் பார்த்த பிறகும் எஞ்சும் தொகையைக் கேள்வியாக மட்டுமே முன்வையுங்கள். "இந்த 158 லட்சம் எந்த வழியில் வந்தது?" என்று வாக்குக் கேட்டு வருகிறவரிடமே மரியாதையாகக் கேட்கலாம். திருடினார் என்று எழுதுவது அவதூறு வழக்கில் முடியும். கணக்கில் தவறு செய்தவர் நீங்களாகவும் இருக்கலாம்.

பத்திரத்தில் உண்மையை மறைத்திருப்பதாக உங்களிடம் ஆவணம் இருந்தால், எதிர்ப் பிரமாணப் பத்திரம் ஒன்றைத் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் அளிக்கலாம். தகவல் பொய் என்ற காரணத்துக்காக அவர் மனுவைத் தள்ளுபடி செய்ய மாட்டார் என்பதை முன்கூட்டியே அறிந்திருங்கள்; ஆனால் உங்கள் பத்திரமும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். பொய்த் தகவலுக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவு ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கிறது. முடிவு வெளிவந்த பின் அந்தத் தொகுதியின் வாக்காளர் எவரும் 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு தொடுக்கலாம். எல்லாச் சிறு பொருளையும் வேட்பாளர் எழுத வேண்டியதில்லை, அவருடைய தகுதியையோ வாழ்க்கை முறையையோ காட்டும் அளவுக்கு மதிப்புள்ளவற்றை மறைப்பதே குறை என்று உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் கூறியிருப்பதால், ஒரு பழைய வண்டி விடுபட்டதைப் பிடித்துக்கொண்டு அலைவதில் பயனில்லை.

வசதி குறைந்த வேட்பாளர்களின் பத்திரங்களையும் எடுத்து வாசியுங்கள். சட்டமன்றத்துக்கு 10,000, மக்களவைக்கு 25,000 ரூபாய் வைப்புத்தொகை. பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு அதில் பாதி. தமிழ்நாட்டில் அனுமதிக்கப்பட்ட செலவின் உச்சவரம்போ 40 லட்சம், 95 லட்சம். ஓட்டு வீடும் இருசக்கர வாகனமும் கூட்டுறவு நகைக்கடனும் மட்டுமே உள்ள ஒருவர், அந்த வரம்பில் பத்தில் ஒரு பங்கைக்கூடச் செலவழிக்க முடியாமல், எந்த நாளிதழிலும் பெயர் வராமல் நிற்பதை அந்தப் பத்திரத்தில் பார்ப்பீர்கள். எங்கள் நூலகத்தில் எல்லா வேட்பாளரின் நிகர மதிப்பையும் ஒரே தாளில், 319 ரூபாய் கூலி நாட்களாக மாற்றி எழுதி ஒட்டினோம். லட்சமும் கோடியும் ஒன்றுபோலவே ஒலித்தவர்களுக்கு, ஒருவருடைய சொத்து 900 நாள், இன்னொருவருடையது பல லட்சம் நாள் என்றதும் புரிந்தது.

வாக்குப்பதிவு முடிந்ததும் அச்சுப்படிகளை எறிந்துவிடாதீர்கள். தேதி குறித்து, சர்வே எண்கள் எழுதிய தாளையும் சேர்த்து ஒரு கோப்பில் கட்டி நூலகத்திலோ படிப்பகத்திலோ வையுங்கள். ஐந்து ஆண்டு கழித்து வரும் புதிய பத்திரத்தை அதன் பக்கத்தில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும்.