ப்ரீமெட் நடுவில் காலேஜ் மாறுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அப்பாவுக்கு வேலை மாறிடுச்சு அண்ணா. ஜனவரியில எல்லாரும் கிளம்புறோம். என் கிரெடிட் எல்லாம் அப்படியே டிரான்ஸ்ஃபர் ஆகிடுமாம்."

போனில் இதைச் சொன்ன பெண் அமெரிக்காவில் இரண்டாம் வருட ப்ரீமெட் மாணவி, அதாவது மெடிக்கல் ஸ்கூலில் சேரத் தேவையான பாடங்களைக் காலேஜில் படிப்பவள். கிரெடிட் என்பது படித்து முடித்த பாடத்துக்குக் காலேஜ் தரும் கணக்கு. அந்தக் கடைசி 'மாம்'தான் என் வயிற்றைக் கலக்கியது. யார் சொன்னது என்று கேட்டேன். பதில் இல்லை. 2013இல் நானும் இதே 'ஆகிடுமாம்' நம்பிக்கையில்தான் பெட்டி கட்டினேன்.

இப்போது நான் ரெசிடென்சி முடித்த டாக்டர். மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு வருடா வருடம் படிவம் பார்த்துக் கொடுக்கிறேன். என் பழைய சொதப்பல்கள் ஒவ்வொன்றாக வேறு முகத்தோடு எதிரில் வந்து உட்காருகின்றன. கடைசித் தேதியை விட்டுவிடாதே, மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வான எம்கேட்டுக்கு ஒழுங்காகப் படி என்பதெல்லாம் இங்கே இல்லை. அதைச் சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறார்கள்.

ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை நடுவில் அறுப்பது

அமெரிக்க மெடிக்கல் ஸ்கூல்களில் பெரும்பாலானவை ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, பயாலஜி, பிசிக்ஸ் ஆகியவற்றை லேபோடு ஒரு வருடம் படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். செமஸ்டர் காலேஜில் அந்த ஒரு வருடம் 2 துண்டு, குவார்ட்டர் காலேஜில் 3 துண்டு. (குவார்ட்டர் என்றதும் நம் ஆட்களுக்குச் சிரிப்பு வரும். இந்தக் குவார்ட்டரில் தலைவலி மட்டும்தான்.)

நான் மேற்குக் கரையில் ஒரு குவார்ட்டர் காலேஜில் இருந்தேன். ஆர்கானிக்கில் 2 துண்டு முடித்து மூன்றாவது பாக்கி இருந்தபோது, மார்ச் கடைசியில் குடும்பத்தோடு டெக்சாஸுக்குக் கிளம்பிவிட்டேன்.

புதுக் காலேஜ் செமஸ்டர் முறை. ஒரு குவார்ட்டர் கிரெடிட் என்பது செமஸ்டர் கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு. என் 8 கிரெடிட் 5.33 ஆனது. அதில் 3 கிரெடிட் 'ஆர்கானிக் ஒன்று' என்ற முதல் பாடத்துக்குப் போனது. மிச்சம் 2.33 'எலெக்டிவ்' என்ற பெயரில் எதற்கும் உதவாமல் தொங்கியது. ஆர்கானிக் இரண்டை முழுசாக எடுக்கச் சொன்னார்கள். அதில் பாதி நான் ஏற்கெனவே படித்துப் பரீட்சை எழுதியது.

அதோடு விட்டதா? பழைய காலேஜில் லேப் தனிப் பாடம், மூன்றாவது துண்டுக்குப் பிறகுதான் எடுக்க முடியும். புது இடத்திலோ முதல் லேப் இல்லாமல் இரண்டாவது பாடத்தில் சேரவே முடியாது. என்னிடம் எந்த லேபும் இல்லை. ஆகவே 2013 இலையுதிர் காலம் முதல் லேபுக்குப் போனது, 2014 வசந்தம் ஆர்கானிக் இரண்டுக்கு. அது முடிந்தால்தான் பயோகெமிஸ்ட்ரி. 2014இல் எழுத வேண்டிய எம்கேட் 2015க்குத் தள்ளிப்போனது. அந்த வருடம் ஏப்ரலில் எம்கேட்டையே மாற்றினார்கள்: பயோகெமிஸ்ட்ரிக்குக் கூடுதல் இடம், புதிதாக சைக்காலஜி, சோஷியாலஜி, இடைவேளையோடு ஏழரை மணி நேரம். நான் சேர்த்து வைத்திருந்த பழைய மாதிரித் தேர்வுகள் பழைய பேப்பர் விலைக்குக்கூடப் போகவில்லை.

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது வேறு. டெக்சாஸில் நான் சேர்ந்த செமஸ்டர் தொடங்கியதே ஆகஸ்ட் கடைசியில். ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது துண்டு ஜூன் நடுவில் முடிந்திருக்கும். 11 வாரம்! ஏன் தங்கவில்லை? "நாம மாநிலத்தை விட்டுப் போயிட்டா உனக்கு வெளிமாநில ஃபீஸ் போட்டுடுவாங்க" என்றார் அப்பா. எல்லோரும் தலையாட்டினோம். பெற்றோர் வெளியேறினாலும், பிள்ளை இடைவிடாமல் படித்துக்கொண்டிருக்கும் வரை உள்மாநிலக் கட்டணமே தொடரும் என்று சில மாநிலங்களில் விதி உண்டு. என் காலேஜுக்கு அது பொருந்துமா என்று நாங்கள் கேட்கவே இல்லை. அப்படியே வெளிமாநிலக் கட்டணம் போட்டாலும், ஒரே ஒரு குவார்ட்டருக்கு. நான் இழந்தது ஒரு வருடம்.

ஆக, எங்கே தொடங்கினீர்களோ அங்கேயே தொடரை முடித்துவிட்டுக் கிளம்புங்கள். முடிக்க வழியில்லையா, தொடங்காதீர்கள். அந்த நேரத்தில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், சைக்காலஜி, சோஷியாலஜி என்று தனித்து நிற்கும் பாடங்களை எடுங்கள். ஏற்கெனவே அறுந்துவிட்டதா? வாரவாரியான சிலபஸையும் லேப் விவரத்தையும் புதுக் காலேஜின் கெமிஸ்ட்ரி துறைக்கே அனுப்பிக் கேளுங்கள். பாடத்தின் தலைப்பை மட்டும் வைத்துப் பொருத்திப் பார்த்தால் எனக்கு நடந்ததுதான் நடக்கும். பதிலை எழுத்தில் வாங்குங்கள். அப்புறம், பழைய காலேஜ் லாகின் மூடப்படும் முன் எல்லா சிலபஸையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய சி கிரேடு தொலைந்தது என்று நினைப்பது

புதுக் காலேஜில் பெரும்பாலும் ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) புதிதாகத் தொடங்கும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பங்களை வாங்கும் பொதுச் சேவையான அம்காஸ், நீங்கள் படித்த ஒவ்வொரு காலேஜின் டிரான்ஸ்கிரிப்டையும் (மதிப்பெண் பட்டியல்) தனித்தனியாகக் கேட்கும். கோடையில் கம்யூனிட்டி காலேஜில் எடுத்த ஒரே பாடம், ஹைஸ்கூலிலேயே படித்த காலேஜ் பாடம் (டூயல் கிரெடிட்) உட்பட. பாடத்தை எங்கே படித்தீர்களோ அந்தக் காலேஜின் கீழேதான் எழுத வேண்டும். திரும்பப் படித்தால் இரண்டு மதிப்பெண்ணும் கணக்கில் வரும். ஒரு டிரான்ஸ்கிரிப்ட் வரவில்லையென்றால் ஃபைல் நகராது. விண்ணப்பங்கள் வந்த வரிசையில் பார்க்கப்பட்டு இடங்கள் நிரம்பும் நாட்டில் ஜூலை முழுக்கக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

பாக்கி வைத்துவிட்டுப் போவது

ஹோல்ட் (பாக்கிக்காக டிரான்ஸ்கிரிப்டை நிறுத்தி வைப்பது) இருக்கிறதா பாருங்கள். கட்டுங்கள். கிளம்புங்கள்.

ஏபி கிரெடிட் தானாகத் தொடரும் என்று இருப்பது

தொடராது. ஏபி என்பது ஹைஸ்கூலிலேயே எழுதும் காலேஜ் நிலைத் தேர்வு. அதன் ஸ்கோரைப் புதுக் காலேஜுக்கு மறுபடி அனுப்ப வேண்டியிருக்கும், அவர்கள் வேறு அளவில் கிரெடிட் தரக்கூடும்.

பேராசிரியரிடம் சொல்லாமல் வருவது

பல மெடிக்கல் ஸ்கூல்கள் அறிவியல் பேராசிரியர்கள் இரண்டு பேரின் பரிந்துரைக் கடிதம் கேட்கும். நான் இரண்டு வருடம் கழித்து என் பழைய பயாலஜி பேராசிரியருக்கு மெயில் போட்டேன். "உங்கள் முகம் நினைவில் இல்லை, மன்னிக்கவும்" என்று பதில் வந்தது. அவர் மேல் தப்பில்லை, வகுப்பில் 300 பேர். கிளம்பும் முன்பே நேரில் போய்க் கேட்டு, கடிதத்தை இன்டர்ஃபோலியோ மாதிரி ஒரு சேவையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். புதுக் காலேஜில் கமிட்டி கடிதம் (காலேஜே ஒரு குழுவாக எழுதும் பரிந்துரை) தருகிற வழக்கம் இருந்தால், டிரான்ஸ்ஃபர் மாணவருக்கு என்ன நிபந்தனை என்று முதல் மாதமே விசாரியுங்கள்.

மாநிலக் கணக்கில் ரெண்டுங்கெட்டானாக நிற்பது

டெக்சாஸ் அரசு மெடிக்கல் ஸ்கூல்களில் குறைந்தது 90 சதவீத இடங்கள் அந்த மாநிலத்தவருக்கே. அதற்கு 12 மாதக் குடியிருப்பு வேண்டும், விண்ணப்பமும் தனி. இந்த ஒரு விஷயத்தில் எங்கள் இடமாற்றம் எனக்கு லாபம். நீங்கள் அங்கிருந்து வெளியேறுகிறவர் என்றால் கணக்கு தலைகீழ். விண்ணப்பிக்கும் வருடத்தில் எந்த மாநிலத்தவராக எண்ணப்படுவீர்கள் என்பதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, காலண்டரை வைத்துப் பேசுங்கள்.

எச்-4ஐ மறப்பது

எச்-4 என்பது எச்-1பி மாதிரி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா. பிள்ளைகளுக்கு 21 வயதில் அது முடிந்துவிடும். கிரீன் கார்டு இல்லாதவரைப் பல மெடிக்கல் ஸ்கூல்கள் பரிசீலிப்பதே இல்லை. வக்கீலைப் பாருங்கள், என்னை அல்ல.

சரி, அந்தப் பெண்? மறுநாளே பதிவாளர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டாள். மே மாதம் ஆர்கானிக் இரண்டு முடியும் வரை தோழிகளோடு தங்குகிறாள். அவள் அம்மாவுக்குப் பயங்கரக் கோபம். என் மேல்தான்.