பழைய எம்ஜிபி, டர்பன் ஸ்க்ராப்யார்டு சாமான்: எதில் மிச்சம் பிடிக்கலாம்?

1962 முதல் 1980 வரை வந்த எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு உதிரிகள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. இங்கிலாந்திலிருந்து எல்லாவற்றையும் வரவழைத்தால்தான் கை கடிக்கும். வண்டியைத் தாங்குவதிலும் நிறுத்துவதிலும் கஞ்சத்தனம் வேண்டாம். பிரேக் ஹோஸ், ரப்பர் சீல் எல்லாம் புதிதாகவே வாங்குங்கள். மின்சாரச் சாமானில் ஸ்க்ராப்யார்டை நம்பி மிச்சம் பிடிக்கலாம்.

முதல் வேலை ஸில். எம்ஜிபிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, கதவுக்கு அடியில் ஓடும் ஸில்தான் முதுகெலும்பு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கடற்காற்றில் அது உள்ளிருந்து அரிக்கும், மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும். ஸ்க்ரூட்ரைவரால் குத்துங்கள், உள்ளே இறங்கினால் வெட்டத்தான் வேண்டும். வெளித்தகட்டின் மேல் ஒட்டுப் போடுவது துருவுக்குப் போர்வை போர்த்துவதுதான்.

பேட்டரி வயரைக் கழற்றுங்கள். முன்னும் பின்னும் ஸ்டாண்டு கொடுத்து, கதவு மூடத் தடையில்லாதபடி உட்புறமாக வாசலின் குறுக்கே ஓர் இரும்புக் குழாயைப் பற்றவையுங்கள். ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம். இதைச் செய்யாவிட்டால் பாடி நடுவில் தொய்யும். அந்த நிலையில் புது ஸில்லைப் பற்றவைத்தால் தொய்வும் நிலைத்துவிடும், கதவு மூடவே மூடாது. ஒவ்வொரு கட்டத்திலும் கதவை மாட்டி இடைவெளி பாருங்கள். துத்தநாகம் பூசிய தகடென்றால் பற்றவைக்கும் இடத்தில் பூச்சைத் தேய்த்தெடுங்கள், அதன் புகை நஞ்சு.

அடுத்து, இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டர். 1967 வரையான வண்டிகளில் அதற்குப் பதில் பழைய டைனமோவும், பேட்டரியின் பிளஸ் பாடியோடு இணைந்த பாசிட்டிவ் எர்த்தும் இருக்கும். டோயோட்டா டாஸ் இந்த ஊர் பிராஸ்பெக்டன் ஆலையிலேயே செய்த வண்டி, அதன் ஆல்டர்நேட்டர் போதும். வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் அதற்குள்ளேயே உண்டு. புல்லி எம்ஜிபியின் வி-பெல்ட்டுக்குப் பொருந்துமா, பிராக்கெட் நேராக நிற்குமா என்று முதலில் பாருங்கள். கோணினால் பெல்ட் கத்தும், சீக்கிரம் அறும். பெல்ட்டை நடுவில் அழுத்தினால் 13 மி.மீ. அளவு இறங்க வேண்டும்.

வயரிங்: ஆல்டர்நேட்டரின் பி பிளஸ் முனையிலிருந்து 10 சதுர மி.மீ. வயர், ஸ்டார்ட்டர் சோலனாய்டின் பேட்டரி முனைக்கு. எல் முனைக்கு எச்சரிக்கை விளக்கின் பழுப்பு-மஞ்சள் வயர். ஐஜி முனைக்குச் சாவி போட்டால் உயிர் வரும் வெள்ளை வயர். எஸ் முனை பேட்டரி பிளஸ்ஸுக்கு. டைனமோவுக்கான பழைய ரெகுலேட்டர் பெட்டியை (கண்ட்ரோல் பாக்ஸ்) கழற்றும்போது அதன் பி முனையில் சேரும் பழுப்பு வயர்களைச் சேர்த்தே வையுங்கள். பிரிந்தால் விளக்கெல்லாம் செத்துவிடும்.

இந்த ஆல்டர்நேட்டருக்கு நெகட்டிவ் எர்த் வேண்டும், அதாவது பேட்டரியின் மைனஸ் பாடியோடு சேர வேண்டும். எர்த்தை அப்படி மாற்றும்போது பேட்டரியோடு இக்னிஷன் காயிலின் இரு வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். மின்சார ஆர்பிஎம் மீட்டர் இருந்தால் அதைப் பலர் மறந்துவிடுவார்கள். அதையும் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றாவிட்டால் ஓடாது. பேட்டரியை ஒரு நொடி தலைகீழாகக் கொடுத்தாலும் ஆல்டர்நேட்டருக்குள் இருக்கும் டயோடு போகும். இன்ஜின் சற்று வேகமாக ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வந்தால் வேலை முடிந்தது.

இன்ஜினையே மாற்றுகிறவர்கள் ரசீது இல்லாத இன்ஜினைத் தொடாதீர்கள். எண் மாறினால் போலீஸ் கிளியரன்ஸ் வேண்டும், அங்கே முதலில் கேட்பது அந்த ரசீதைத்தான்.