முதலில் குறியின் எண், பிறகு எழுத்துரு

"டயாமீட்டர் குறி எந்த ஃபான்ட்ல இருக்கு?" பொறியியல் புத்தகம் லேஅவுட் செய்கிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது. தவறும் இங்கேதான் தொடங்குகிறது. முதலில் தெரிய வேண்டியது அந்தக் குறிக்கு யூனிகோடில் (ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் தனி எண் தரும் உலகப் பொதுத் தரம்) என்ன எண் என்பதே. விட்டக் குறி ⌀ என்றால் 2300. துளை வரைபடங்களில் வரும் கவுண்டர்போர் (துளை வாயில் தட்டையான அடியுள்ள அகன்ற பள்ளம்) 2334, கவுண்டர்சிங்க் (கூம்பு வடிவப் பள்ளம்) 2335. வேர்டில் 2300 என்று அடித்து ஆல்ட்டும் எக்ஸும் சேர்த்து அழுத்தினால் குறி வந்துவிடும். எண் கையில் இருந்தால், அதற்கு உருவம் உள்ள எந்த எழுத்துருவும் போதும். எண் தெரியாமல் தேடினால், டேனிஷ் மொழியில் வரும் கோடு போட்ட 'ஓ'வை விட்டக் குறி என்று நினைத்து வைத்துவிடுவோம். அச்சில் யாரும் கவனிக்காமல் போகலாம். கோப்பில் தேடும்போது மாட்டிக்கொள்வோம்.

இதைவிட ஆபத்தானது பழைய 'சிம்பல்' எழுத்துரு. அதில் ஆங்கில 'எம்' விசையை அழுத்தினால் திரையில் µ தெரியும். ஷிஃப்டோடு 'டபிள்யூ' அழுத்தினால் Ω தெரியும். பேஜ்மேக்கர் (பழைய லேஅவுட் மென்பொருள்) கோப்புக்குள் இருப்பது வெறும் 'எம்'தான், குறி அல்ல. எழுத்துரு கழன்றால் மைக்ரோகிராம் மில்லிகிராமாகிவிடும். மருந்தளவு ஆயிரம் மடங்கு! நம் ஊர்க் கோப்புகளில் இன்னொரு வகையும் உண்டு. பத்தி முழுவதையும் தெரிவு செய்து, யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துருவான பாமினிக்கு மாற்றினால், அந்த 'எம்' 'அ' ஆகும், 'டபிள்யூ' 'று' ஆகும். 'அ' என்று வந்தால் பிழை என்று கண்ணுக்குத் தெரியும், திருத்திவிடலாம். மில்லிகிராம் என்று வந்தால் பார்ப்பவருக்குச் சரியாகவே தோன்றும், எனக்கு அதுதான் பயம். பழைய கோப்பைப் புதுப் பதிப்புக்கு எடுக்கும்போது, சிம்பல் எழுத்துரு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடி ஒவ்வொன்றையும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மற்ற வேலையெல்லாம் அதற்குப் பிறகு.

₹ விஷயத்திலும் இதுவே நடந்தது. 2010 ஜூலையில் குறி அறிவிக்கப்பட்டது. அக்டோபரில் யூனிகோடு 6.0-இல் சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில், ஒன்றாம் எண்ணுக்கு இடப்பக்க விசையில் ரூபாயை ஒளித்துவைத்த எழுத்துரு பரவியது. அது இல்லாத கணினியில் விலைக்கு முன்னால் ஒரு சாய்ந்த மேற்கோள் மட்டும் நிற்கும்.

ஒரே தோற்றம், வெவ்வேறு எண் என்பது அடுத்த சிக்கல். மைக்ரோ குறியும் கிரேக்க 'மியூ'வும் தனித்தனி எண்கள். ஓம் குறிக்கு 2126 என்ற தனி எண் இருந்தாலும் கிரேக்க ஒமேகாவையே பயன்படுத்தச் சொல்கிறது யூனிகோடு. புத்தகம் முழுக்க ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள். பாகை குறிக்குப் பதில் மேலேற்றிய ஆங்கில 'ஓ', கழித்தலுக்கு (2212) பதில் ஹைஃபன், பெருக்கலுக்குப் பதில் 'எக்ஸ்': இவையும் இதே வகைதான்.

தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் இந்தக் குறிகள் இல்லை. வேர்ட் சத்தமில்லாமல் வேறொரு எழுத்துருவிலிருந்து எடுத்துக் காட்டும். உங்கள் கணினியில் சரியாக இருப்பது அடுத்தவர் கணினியில் வேறாகத் தெரியும். டெக் (TeX) குடும்பப் பக்க அமைப்பு மென்பொருளில் வெற்றிடமோ கட்டமோ வந்தாலும் பிடிஎஃப் தயாராகிவிடும். 'மிஸ்ஸிங் கேரக்டர்' என்ற வரி லாக் கோப்பில் இருக்கும், பலர் அதைத் திறப்பதே இல்லை. அதனால் குறிகளுக்கென்று ஓர் எழுத்துருவை முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். ஸ்டிக்ஸ் டூ, நோட்டோ சான்ஸ் மேத், நோட்டோ சான்ஸ் சிம்பல்ஸ் மூன்றும் திறந்த உரிமத்தில் கிடைப்பவை. அச்சிடவும் பிடிஎஃபில் பொதிக்கவும் தடையில்லை. இன்டிசைனில் பத்தி ஸ்டைலுக்குள் கிரெப் ஸ்டைல் (குறிப்பிட்ட எழுத்துகளைத் தேடி வடிவம் மாற்றும் விதி) ஒன்று அமைத்தால், அந்தப் பத்தி ஸ்டைல் உள்ள எந்தப் பத்தியில் அந்தக் குறிகள் வந்தாலும் அந்த எழுத்துரு தானாகப் பொருந்தும். குறியைப் படமாக ஒட்டாதீர்கள். பெரிதாக்கினால் மங்கும், தேடினால் கிடைக்காது.

அச்சகத்துக்கு அனுப்பும் முன், பிடிஎஃபின் ஆவணப் பண்புகளில் எழுத்துருப் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு பெயரும் பொதிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு µ வரும் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கேயும் µ என்றே வந்தால் அனுப்பலாம்.